டீச்சர் பதில்கள்: "இருக்கார், ஆனா வாயைத் திறக்க மாட்டேங்கிறார்"

கேள்வி: டீச்சர், என் வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். இனிப்புநீர் (நீரிழிவு) வந்து இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நான் பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்கிறேன். மகன் ஃபாரம் சிக்ஸை (பல்கலைக்கழகத்துக்கு முந்தின படிப்பை) நிறுத்திவிட்டு ஃபேக்டரிக்குப் போகிறான். உபவாசம் இருந்தேன், முழு இரவு ஜெபத்துக்குப் போனேன். வெளியூரிலிருந்து வந்த ஓர் ஊழியர் அவர் தலையில் கை வைத்து, "இனி மெஷினே தேவைப்படாது" என்றார். கையில் கிடந்த காப்பைக் கழற்றிக் காணிக்கையாகப் போட்டேன். ஒன்றும் மாறவில்லை. இப்போது ஜெபக்கூட்டத்தில், "உங்க வீட்டில் மறைவான பாவம் ஏதோ இருக்கு, அதான் தடை" என்கிறார்கள். முழங்கால் போட்டால் வார்த்தையே வரவில்லை. ராத்திரியானால் விடியவே வேண்டாம் போலிருக்கிறது. கடவுள் இருக்காரா இல்லையான்னு நான் கேக்கலை டீச்சர். இருக்கார். ஆனா ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கிறார்?
பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: தங்கச்சி, நீங்களும் நம்ம ஊர்தானா! கடைசிக் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். விடியவே வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசிவிடுவோம்.

அசதியில் எப்போதாவது ஒரு நாள் அப்படித் தோன்றுவது வேறு, ராத்திரிக்கு ராத்திரி தோன்றுவது வேறு. இதை விசுவாசக் குறைச்சல் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். டாக்டரிடம் எனக்கு எழுதிய அதே சொற்களில் சொல்லுங்கள்: தூக்கம் இல்லை, விடியவே வேண்டாம் போலிருக்கிறது. "கொஞ்சம் டென்ஷன் டாக்டர்" என்று மழுப்பினால் பெனடால் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நடுராத்திரியில் தாங்க முடியவில்லை என்றால் பிஃப்ரெண்டர்ஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, போனில் பேசலாம். நீங்கள் எந்த மதம் என்று கேட்க மாட்டார்கள், பிரசங்கமும் பண்ண மாட்டார்கள். மகனிடம் சொல்லி அந்த நம்பரை இன்றைக்கே உங்கள் போனில் போட்டு வையுங்கள்.

வேதத்தில் எலியா இதே நிலைமையில் இருந்தவர்தான். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். 1 இராஜாக்கள் 19. நம் பிரசங்கிமார் அந்த அதிகாரத்தை எடுத்தால் நேராக 'அமர்ந்த மெல்லிய சத்தத்துக்கு' ஓடிவிடுவார்கள். அதற்கு முன்னால் நடந்ததில் யாரும் நிற்பதில்லை. சாகவேண்டும் என்று சொன்ன மனுஷனுக்கு ஆண்டவர் அந்த இடத்தில் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. தூதன் தட்டி எழுப்பினான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தது. எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார். தூதன் மறுபடி எழுப்பினான், மறுபடி சாப்பாடு. பேச்சுவார்த்தை எல்லாம் நாற்பது நாள் நடந்து மலைக்குப் போன பிறகுதான்.

அதனால் முதல் வேலையாக உபவாசத்தை நிறுத்துங்கள். முழு இரவு ஜெபமும் இப்போதைக்கு வேண்டாம், உங்களுக்குத் தேவை தூக்கம். கேண்டீனில் மிஞ்சிய மீ கோரெங்கை நின்றுகொண்டே விழுங்காமல், வீட்டில் தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

அடுத்தது அந்த மறைவான பாவம். இதைப் பேசினால் எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் இனிப்புநீரால் கிட்னி போனவர்கள். அத்தனை பேர் வீட்டிலும் மறைவான பாவமா? பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு பட்டென்று சொல்லிவிட்டார். யோவான் 9. அதற்கப்புறமும் இரண்டாயிரம் வருஷமாக அதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்.

சொத்து, பிள்ளைகள், உடல்நலம் எல்லாம் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் முதலில் ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல மனுஷர்கள். அப்புறம் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள்: நீ ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறாய், ஒத்துக்கொள், எல்லாம் சரியாகிவிடும். கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்தது இவர்கள் மேல். பிறந்த நாளையே சபித்து, கர்த்தரிடமே நியாயம் கேட்ட யோபுதான் சரியாகப் பேசினான் என்று தீர்ப்பு. அது மட்டுமா, யோபு உங்களுக்காக ஜெபம் பண்ணட்டும் என்று இவர்களையே அவரிடம் அனுப்பிவைத்தார். 42ஆம் அதிகாரம், 7ஆம் 8ஆம் வசனங்கள். அடுத்த ஜெபக்கூட்டத்தில் யாராவது ஆரம்பித்தால், "அக்கா, இதைக் கொஞ்சம் வாசிங்க" என்று எடுத்துக் கொடுங்கள்.

காப்பு போனது போகட்டும். இனி எந்த மேடைக்கு முன்னாலும் எதையும் கழற்றாதீர்கள். யார் என்ன தீர்க்கதரிசனம் சொன்னாலும் டயாலிசிஸை ஒரு தடவைகூடத் தவறவிடாதீர்கள், அது உயிர் விஷயம். இன்னொன்று: உங்கள் வீட்டுக்காரருக்குச் சம்பளத்தில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) சந்தா பிடித்திருப்பார்கள். இயலாமைப் பென்ஷனுக்குத் தகுதி இருந்தால் டயாலிசிஸ் செலவுக்கும் அங்கே உதவி கேட்க வழி உண்டு. ஏற்கெனவே செய்திருந்தால் சரி. இல்லையென்றால் சிகிச்சை நிலையத்திலேயே கேளுங்கள், பாரம் எப்படி நிரப்புவது என்று அங்கே இருப்பவர்களுக்கு அத்துப்படி.

சரி, உங்கள் கேள்வி. ஏன் பேச மாட்டேங்கிறார்?

காரணம் சொல்ல நான் வரமாட்டேன் தங்கச்சி. யோபுவுக்கே சொல்லப்படவில்லை. முதல் இரண்டு அதிகாரத்தில் மேலே பரலோகத்தில் கர்த்தருக்கும் சாத்தானுக்கும் நடந்த பேச்சு வாசிக்கிற நமக்குத் தெரியும், சீழ் பிடித்து உட்கார்ந்திருந்த யோபுவுக்குக் கடைசிவரை தெரியாது. கர்த்தர் ஒருவழியாக வாயைத் திறந்தபோதும் வரையாடு, தீக்குருவி, குதிரை என்று பேசினாரே தவிர, உன் பத்துப் பிள்ளைகளும் ஏன் செத்தார்கள் என்று சொல்லவில்லை. அப்படியிருக்க சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு உங்கள் வீட்டு விஷயத்துக்குக் காரணம் கண்டுபிடித்துச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவர் பேசவில்லை என்பதற்காக நீங்களும் பேசாமல் இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. இதைச் சொன்னால் என் பாட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

பாட்டி இங்கே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். 1943இல் ஜப்பான்காரன் தாத்தாவைச் சயாமுக்கு (இப்போதைய தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டுபோனான். நம் தோட்டங்களிலிருந்து அப்படிப் போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்குக்கூடக் கிடையாது. அந்த வருஷம் அக்டோபரிலேயே பாதை போட்டு முடித்துவிட்டார்கள். ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் திரும்ப வந்தான். 1948 ஜூனில் இதே ஊர்ப் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்தது, லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளைச் சுற்றி முள்வேலி வந்தது. தாத்தா வரவில்லை. செத்தார் என்று சேதியும் வரவில்லை.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜெபம் அடுப்படியில்தான், அதுவும் சத்தமாக. கையில் ஒட்டிய ரப்பர்ப் பாலை உருட்டி உருட்டி எடுத்துக்கொண்டே ஆண்டவரோடு சண்டை போடுவார். "சும்மா இருக்கீரே, நல்லா இருக்கா உமக்கு? செத்தாரா இருக்காரான்னு ஒரு வார்த்தை சொன்னா உமக்கு என்ன குறைஞ்சுபோவுது?" நான் சின்னப் பிள்ளை, அவர் யாரையோ திட்டுகிறார் என்று எட்டிப் பார்ப்பேன், அங்கே ஆளே இருக்காது. திட்டி முடித்ததும் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்து ஆமென் வரை சொல்வார். காலையில் இருட்டோடு பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை சபையில் இரண்டாவது வரிசை. சாகும்வரை அவர் கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை. சாகும்வரை கேட்பதையும் விடவில்லை.

அடக்க ஆராதனையில் போதகர், "அமைதியான விசுவாசி" என்று பேசினார். அவருக்கு எங்கள் அடுப்படியைத் தெரியாது.

பாட்டி பேசியது மரியாதை கெட்ட பேச்சு இல்லையா என்று கேட்பீர்கள். சங்கீத புஸ்தகத்தைத் திறந்து பாருங்கள். நூற்றைம்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பலும் முறையீடும்தான். நாம்தான் 23ஐயும் 91ஐயும் மட்டும் ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டோம். 88ஐ யாரும் மாட்டுவதில்லை. மற்ற முறையீடுகள் பெரும்பாலானவற்றில் கடைசியில் எப்படியாவது ஒரு துதி வந்துவிடும். 88இல் வராது. பாடியவர் கூப்பிடுகிறார், கூப்பிடுகிறார், சிநேகிதரெல்லாம் விலகிப்போனார்கள் என்று இருட்டிலேயே முடிக்கிறார். அதையும் வேதம் என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள். சிலுவையில் இயேசு உரக்கக் கூப்பிட்டதும் ஒரு சங்கீதத்தின் முதல் வரிதான்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" 22ஆம் சங்கீதம். அதற்கு வானத்திலிருந்து பதில் வந்ததாக நான்கு சுவிசேஷத்தில் ஒன்றிலும் எழுதியில்லை.

வார்த்தை வரவில்லை என்கிறீர்கள். தோட்டத்தில் பிறந்த உங்களுக்கு இது புரியும். பால்மரத்தை அளவுக்கு மீறி வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். அனுபவப்பட்ட வெட்டுக்காரர் கத்தியை இன்னும் ஆழமாக இறக்க மாட்டார், அந்த மரத்தைக் கொஞ்ச காலம் சும்மா விட்டுவிடுவார். நீங்களும் சொந்தமாக ஜெபம் கட்டுவதை இப்போதைக்கு விடுங்கள். ஏற்கெனவே எழுதி வைத்ததைச் சொல்லுங்கள். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று ஆரம்பிக்கும். வீட்டுக்காரர் மெஷினில் படுத்திருக்கிற நேரத்தில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒருமுறை வாசியுங்கள். கடைசி இரண்டு வசனம் துதி. மனசு வரவில்லை என்றால் நாலாவதோடு நிறுத்துங்கள். சபைக்குப் போங்கள், பின்வரிசையில் உட்காருங்கள், பாடுகிறவர்கள் பாடட்டும். அந்த ஜெபக்கூட்டத்துக்கு மட்டும் போகவேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக, சபையில் உதவி கேளுங்கள். "எங்களுக்காக ஜெபிச்சுக்குங்க" என்று பொதுவாகச் சொன்னால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கார் வைத்திருக்கும் ஒருவரைப் பிடித்து, "அண்ணே, புதன்கிழமை மட்டும் அவரைக் கொண்டுபோய் விட முடியுமா?" என்று கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். கேளுங்கள்.

கேள்வி: சபையில் கிட்டார் வாசிக்கிறேன். ஆராதனையில் எல்லாரும் கண்ணீர் விடுகிறார்கள். எனக்கு மட்டும் ஒன்றுமே உணர்வில்லை. வெறும் விரல்தான் ஓடுகிறது. அதிகாலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் காஸ்வே என்கிற எல்லைச் சாலையைத் தாண்டி சிங்கப்பூரில் வேலை. அப்பா போன வருஷம் தவறிவிட்டார். நான் வேஷக்காரனா டீச்சர்? வாசிப்பதை விட்டுவிடவா?
ஒரு தம்பி, ஜொகூர் பாரு

பதில்: தம்பி, அப்பா தவறியதை காஸ்வேக்கும் கேள்விக்கும் நடுவில் செருகிவிட்டுப் போய்விட்டாய். எனக்கு அதுதான் கடிதம் என்று படுகிறது. ஒரு வருஷமாக அப்பாவுக்காக உட்கார்ந்து அழுதாயா, இல்லை மறுவாரமே மோட்டாரை எடுத்தாயா? துக்கத்தை அமுக்கினால் அது மட்டும் தனியாக அமுங்காது, சந்தோஷம் பக்தி எல்லாம் சேர்ந்து மரத்துப்போகும்.

வேஷம் என்பது இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. நீ கண்ணீர் வராமல் வருகிற மாதிரி நடித்தால் அது வேஷம். ஒன்றும் தோன்றாமலே வந்து, சுதி சேர்த்து, மற்றவர்கள் பாட வாசித்துக் கொடுக்கிறாய். அதை நான் ஊழியம் என்பேன்.

அன்னை தெரசா 1997இல் இறந்தார். பத்து வருஷம் கழித்து 2007இல் அவர் எழுதிய அந்தரங்கக் கடிதங்கள் வெளியானபோது உலகமே திகைத்துப்போனது. கல்கத்தாவில் ஏழைகள் நடுவில் வேலை தொடங்கிய காலத்திலிருந்து கிட்டத்தட்ட ஐம்பது வருஷம், ஜெபத்தில் தனக்கு வெறுமையும் இருட்டும்தான் என்று தம் ஆவிக்குரிய ஆலோசகர்களுக்கு எழுதியிருக்கிறார். படம் பிடித்தவர்களுக்குச் சிரித்த முகம்தான் தெரிந்தது. காலையில் எழுந்து திருப்பலிக்குப் போனார், அப்புறம் சாகக் கிடந்தவர்களைக் கழுவிவிடப் போனார். 2016இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அந்தக் கடிதங்கள் தெரிந்துதான் அறிவித்தது.

வாசிப்பதை விடாதே. மாதத்தில் ஒரு ஞாயிறு லீவு கேட்டு அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போ. இருவரும் சேர்ந்து அப்பா கல்லறைக்குப் போய்ப் புல்லைச் செதுக்குங்கள். அங்கே அழுகை வந்தால் வரட்டும்.

கேள்வி: என் மாமியார் வீட்டில் பாதிப் பேர் இந்துக்கள். கணவர் உடல்நிலை சரியில்லாததால் நாத்தனார் முனீஸ்வரன் கோயிலில் நேர்ந்துகொண்டதாகச் சொல்கிறார். "உங்க சாமி பேசாம இருக்கு, எங்க சாமியையும் கேட்டுப் பாப்போமே" என்கிறார். எனக்குக் கோபமாக வருகிறது. சண்டை போடலாமா?
ஒரு மருமகள், தைப்பிங்

பதில்: வேண்டாம். அவர் நேர்ந்துகொண்டது கூடப் பிறந்தவருக்காக. தோட்டத்தில் நாம் எல்லாரும் ஒரே லயத்தில் வளர்ந்தோம். தீபாவளிக்கு முறுக்கு அந்தப் பக்கமிருந்து வரும், கிறிஸ்துமஸுக்குக் கேக் இந்தப் பக்கமிருந்து போகும். "அக்கா, நான் என் ஆண்டவர்கிட்டயே கேட்டுக்கிறேன், நீங்க அவர் மேல வெச்ச பாசத்துக்கு நன்றி" என்று சொல்லிவிடுங்கள். கயிறு கட்டவேண்டாம் என்றால் அதையும் சிரித்த முகத்தோடு சொல்லலாம். "உங்க சாமி பேசாம இருக்கு" என்று சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே, அதற்கு ஏன் கோபம்? ஆமாம், நானும் அதைத்தான் அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் சபையில் ஒரு சகோதரருக்கு டயாலிசிஸ். பெண்கள் குழுவாக அவர் வீட்டுக்குப் போகிறோம். ஆறுதலாக எந்த வசனம் வாசிக்கலாம்? என்ன வாங்கிப் போகலாம்?
தெலுக் இந்தானிலிருந்து சில சகோதரிகள்

பதில்: முதலில் எந்த நாள் போகிறீர்கள் என்று பாருங்கள். மெஷின் நாளன்று நாலு மணி நேரம் படுத்துவிட்டு வருகிறவர் துவண்டு போயிருப்பார், பேசப் பிடிக்காது, சள்ளென்று விழுவார். மறுநாள் போங்கள், அதுவும் இரண்டு மூன்று பேர் போதும். பத்துப் பேர் போனால் அந்த வீட்டம்மா பத்துக் கிளாஸ் மைலோ கலக்கவேண்டும்.

வசனம் அவர்கள் கேட்டால் வாசியுங்கள். வாசித்த பிறகு விளக்கம் வேண்டாம். "இதிலும் ஒரு நன்மை இருக்கும்" என்று சொல்லத் தோன்றினால் வந்த வேலை முடிந்தது என்று எழுந்துவிடுங்கள். அவர் எதையாவது குறைப்பட்டுக்கொண்டால், ஆண்டவரைப் பற்றியே குறைப்பட்டுக்கொண்டாலும், மறுத்துப் பேசாமல் கேளுங்கள். அரைமணி நேரத்துக்கு மேல் இருக்கவேண்டாம். கிளம்பும்போது ஒருவர் பின்தங்கி, வீட்டம்மாவிடம் தனியாக, "இந்த வாரம் துணி துவைக்கணுமா, பிள்ளையை டியூஷனுக்குக் கொண்டுபோகணுமா?" என்று கேளுங்கள்.

வாங்கிப் போவதில் கவனம். பழக்கூடை என்றால் வாழைப்பழம், ஆரஞ்சு என்று அடுக்கிவிடுவோம். அவற்றில் இருக்கிற பொட்டாசியம் கிட்னி போனவர்களுக்கு ஆகாது. இளநீரும் அப்படியே. பெலிம்பிங் என்கிற ஸ்டார் புரூட்டை அந்த வீட்டு வாசலுக்கே கொண்டுபோகாதீர்கள், கிட்னி நோயாளியின் மூளையைப் பாதித்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். தண்ணீரும் அவருக்கு அளவுதான், அதனால் டின் பானங்களும் வேண்டாம். உப்புக் குறைத்துச் சமைத்த ஒரு வேளைச் சாப்பாடு நல்லது. அதையும் முந்தின நாள் வீட்டம்மாவுக்குப் போன் பண்ணி, எதைப் போடலாம் எதைப் போடக்கூடாது என்று கேட்டுவிட்டுச் சமையுங்கள். வீட்டம்மாவுக்கும் சேர்த்துக் கட்டுங்கள், அந்த அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் காரமாக.